சாகச நூலும் நடுவர் கடமையும்: ஒரு மறுப்புரை

ஓர் ஆட்டத்துக்கு எவ்வாறு ஆயத்தஞ் செய்வது என்ற வினாவைப் பற்றித் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். தாயமும் நாயும் புலியும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இடம்பெறும்போது எவரும் நகைப்பதில்லை. அவை பழையன என்பதே அதற்குக் காரணம் போலும். நான் கூறவிருக்கும் ஆட்டம் பழையதன்று, நம்மவர் ஆக்கியதுமன்று. ஆயினும் எமது விடுதி அறைகளில் அது ஆடப்படுகின்றது. அதைச் சூழ்ந்து வாதங்களும் நிகழ்கின்றன. அவ்வாதங்களுள் ஒன்று, எழுதப்பட்ட நூலுக்கும், அதைக் கையிலெடுத்தவருக்கும், அவர் முன்னிருப்போருக்கும் இடையேயுள்ள உறவைப் பற்றியது. அவ்வுறவு கலைப் பீட மாணவர் சிந்திக்கத் தகாத பொருளென்று எவரும் கூறார்.

பாத்திரமேற்பு ஆட்டம் என நான் தமிழிற் குறிப்பது யாதென்பதை முதற்கண் விளக்கல் வேண்டும். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவரொழிந்த ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் கள்வர். எஞ்சிய ஒருவர் அப்பாத்திரங்கள் உலாவும் உலகம் முழுவதையும் தம் பொறுப்பிற் கொள்வர். காடும் குகையும், வணிகரும் பகைவரும் அவர் வாய்மொழியாலேயே தோன்றுவன. தம் பாத்திரம் செய்வதை ஆடுவோர் கூறுவர்; அதனால் விளைவதை அவர் கூறுவர்; விளைவு ஐயத்துக்குரியதாயின் பகடை தீர்ப்பளிக்கும். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கியதும், 1974 ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து மூன்று சிறு நூல்களாக வெளிவந்ததுமான ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த ஆட்டமாகும். உலகத்தைத் தாங்கும் அந்த ஒருவரை அம்முதல் நூல்கள் ‘நடுவர்’ எனப் பொருள்படும் சொல்லாலேயே குறித்தன. பிற்காலத்தில் வேறு ஆடம்பரமான பெயர்கள் அவருக்குச் சூட்டப்பட்டன. நான் முதற் பெயரையே கையாள்வேன்.

நடுவர் தம் உலகைத் தாமே புனையலாம். அன்றேல் பிறர் புனைந்து அச்சிட்டதை வாங்கிப் பயன்படுத்தலாம். பின்னதையே சாகச நூல் என்கிறேன். அதில் நிலப்படம் இருக்கும். இடங்கள் எண்ணிட்டு விவரிக்கப்பட்டிருக்கும். ஆங்காங்கு வாழ்வோர் யாவர், அவர் ஆற்றல் எவ்வளவு, மறைத்து வைத்திருப்பது யாது என்பன தரப்பட்டிருக்கும். ஆடுவோருக்கு உரக்க வாசித்துக்காட்டற்குரிய பந்திகள் பெரும்பாலும் கட்டமிடப்பட்டிருக்கும். 1975 இல் வெளிவந்த ‘பிளாக்மூர்’ என்னும் துணைநூலில் ஆர்னெசன் எழுதிய ‘தவளைக் கோயில்’ இவ்வாட்டத்துக்கென அச்சேறிய முதற் சாகசங்களுள் வைத்தெண்ணப்படுவது. அன்று தொட்டு இன்று வரை வெளிவந்தவை எண்ணில. இத்தகைய நூலொன்றைக் கையிற் பெற்ற நடுவர், ஆட்டம் தொடங்குமுன் அதைக்கொண்டு யாது செய்தல் வேண்டும்? இதுவே வினா.

இவ்வினாவுக்கு எமது விடுதியில் மூன்று கட்சியினர் மூன்று விடை கூறுவர். முதலாவது கட்சியினர், ஆயத்தமே வேண்டியதில்லை என்பர். நூல்தான் கையில் இருக்கின்றதே, கட்டமிட்ட பந்தியை அவ்வப்போது வாசித்துச் சென்றால் ஆட்டம் தானே நடக்கும் என்பது அவர் துணிபு. இரண்டாவது கட்சியினர் உழைப்பாளிகள். நூல் முழுவதையும் நெட்டுருப் பண்ணுவர். ஆசிரியர் வகுத்த வழியினின்றும் ஆடுவோர் விலகாது காப்பதே நடுவர் தொழில் என்பர். விலகுவாராயின், அவரறியாமலே அவரைத் திருப்பி அவ்வழியிற் சேர்ப்பது திறமை என்பர். மூன்றாவது கட்சியினர், அச்சிட்ட நூல் கற்பனை வறியோரின் ஊன்றுகோலென இகழ்ந்து, உண்மையான நடுவர் அனைத்தையும் தாமே படைப்பர் என்பர். இம்மூன்றையும் மறுப்பதே என் நோக்கம். இரண்டாவதே வலிமை மிக்கதாதலின் அதனோடுதான் நெடும்பொழுது பொருத வேண்டியுள்ளது.

பிறரைக் குறைகூறுமுன் என் குறையைக் கூறுவது முறை. சென்ற ஆண்டு நண்பர் நால்வருக்கு நடுவராக அமர நேர்ந்தது. 2014 இல் தொடக்கநிலை ஆடுவோருக்கென ஒரு பெட்டியில் வெளிவந்த ‘லொஸ்ட் மைன் ஒவ் பன்டெல்வர்’ என்னும் 64 பக்கச் சாகச நூலைத் தெரிந்துகொண்டேன். குன்ட்ரென் என்னும் குள்ளரின் பண்டங்களை வண்டியிற் கொண்டு செல்லும் வீரர், வழியில் மாண்டு கிடக்கும் குதிரைகள் இரண்டைக் காண்கின்றனர். முன்னே சென்ற குன்ட்ரென் கவர்ந்து செல்லப்பட்டிருக்கிறார். புதரில் மறைந்திருந்த கொப்ளின்கள் பாய்கின்றன. இதுவே தொடக்கம். முதல் அத்தியாயத்தை மட்டும் முந்திய நாள் மாலை வாசித்துவிட்டு, ஏனையவற்றை வாரந்தோறும் பார்த்துக்கொள்ளலாம் என எண்ணினேன். அதாவது, முதலாவது கட்சியின் உறுப்பினனாகவே மேசைக்குச் சென்றேன்.

உயிரோடு பிடிபட்ட கொப்ளின் ஒன்றை நண்பர்கள் விசாரித்தனர். ‘கறுப்புச் சிலந்தி’ எனப்படும் ஒருவனுக்காகவே இக்கடத்தல் நிகழ்ந்ததென்பதை அது கூறிற்று. அவன் யார் என்று கேட்டனர். அக்கொப்ளின் அதை அறியாது என்பதே நூலின் விடை. நானும் அறியேன், அறியேனென்பதை மறைக்க, “ஊருக்குள் இருக்கும் ஒரு மந்திரவாதி” என்று கூறிவைத்தேன். நான்கு வாரங் கழித்து இரண்டாவது அத்தியாயத்தைப் பிரித்தபோது, அவ்வூரை அச்சுறுத்தும் கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் ஒரு மந்திரவாதி என்பதையும், அவன் கறுப்புச் சிலந்தி அல்லன் என்பதையும் ஒருங்கே கண்டேன். நண்பர்கள் அவனைப் பிடித்தனர். பகைவன் வீழ்ந்தானென மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சி என் பொய்யின்மேல் எழுந்தது. உண்மைப் பகைவன் தொலைவில் ஒரு சுரங்கத்தில் இருந்தான் என்பதை அடுத்த வாரம் கூறியபோது, அவர்கள் தம் மதியீனமென்று எண்ணினர். மதியீனம் என்னுடையது. நூலை முடிவு வரை வாசியாத நடுவர், தாம் அறியாத உண்மைகளுக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லிக்கொண்டிருப்பார். முதலாவது கட்சிக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டியதில்லை.

இரண்டாவது தவறு இதனினும் கொடிது. முதல் அத்தியாயத்தில் ஒரு குகை வருகின்றது. அதன் தலைவன் கிளார்க்; அவனைக் கொன்று தலைமையைக் கைப்பற்ற விரும்பும் கீழோன் யீமிக். யீமிக்கிடம் ஒரு கைதி இருக்கிறார். தன் தலைவனைக் கொன்று வந்தால் அவரை விடுவதாக யீமிக் பேரம் பேசுவான். இது அந்நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றெனத் துணிந்து கூறுவேன். என் நண்பரொருவர் இப்பேரத்தைக் கேட்டபின் சற்றுச் சிந்தித்து, “நாங்கள் கிளார்க்கிடம் போய், உன் ஆள் உன்னைக் கொல்லச் சொல்லுகிறான் என்று சொல்லுவோம்” என்றார். என்னே அழகிய முடிவு! ஆனால் கிளார்க்கோடு போர் நிகழும் என்பதே என் உள்ளத்திற் பதிந்திருந்தது. ஆதலின் அவர் வாய்திறக்குமுன் கிளார்க்கைப் பாயச் செய்தேன். போர் முடிந்ததும் அந்நண்பர் கூறியது இது: “இனி என்ன செய்யவேணும் எண்டு நீயே சொல்லு, நான் பகடையை மட்டும் உருட்டுறன்.” அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருக்கும்.

அச்சொற்களே இக்கட்டுரையின் தோற்றுவாய். ஆடுவோரிடம் இவ்வாட்டம் வேண்டுவது யாது? பகடை உருட்டுதலன்று, அதை ஒரு பொறியும் செய்யும். முடிவெடுத்தலையே அது அவரிடம் வேண்டுகின்றது. அம்முடிவால் ஏதும் மாறாதெனில் அவர் அங்கு அமர்ந்திருப்பதற்குக் காரணமில்லை. நான் அன்றிரவு என் நண்பரிடமிருந்து பறித்தது அதுவே.

இவ்வாட்டத்தின் வரலாற்றை நோக்குமிடத்து இவ்வுண்மை மேலும் தெளிவுறும். 1974 க்கு முன்பே, அமெரிக்காவின் மினியாப்பொலிஸ், சென் போல் நகரப் பகுதியிற் போர்விளையாட்டில் ஈடுபட்டிருந்த டேவ் வெஸ்லி என்பவர், 1969 அளவில், நெப்போலியன் காலத்துக் கற்பனை ஊராகிய பிரவுன்ஸ்டைனை வைத்து ஓர் ஆட்டத்தை ஆயத்தஞ் செய்தார். படைகளுக்கு இடையே அகப்பட்ட அவ்வூரில் வாழ்வோராகத் தம் நண்பருட் பலரை ஆக்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கங் கொடுத்தார். அவரோ தம் திட்டப்படி எதையுஞ் செய்யவில்லை, தமக்குள் கூடிப் பேசினர், சூழ்ச்சி செய்தனர், இருவர் திடீரெனத் தனிப்போருக்கும் எழுந்தனர். அதற்கு விதியேதும் இல்லை. வெஸ்லி அக்கணமே தீர்ப்புக் கூற நேர்ந்தது. ஆட்டம் குழம்பித் தோற்றதென்றே அவர் எண்ணினார். ஆடினோரோ, இத்தகையதொன்றை மீண்டும் வையுமெனக் கேட்டனர். அவர்களுள் ஒருவரே ஆர்னெசன். அவர் அதனின்றும் வளர்த்தெடுத்ததே பிளாக்மூர். பிளாக்மூரிலிருந்து முகிழ்த்ததே 1974 இன் ஆட்டம். ஆயத்தஞ் செய்தவரின் திட்டம் உடைந்த இடத்திலேயே இக்கலை பிறந்தது என்பது மனங்கொளத்தக்கது. திட்டம் உடையாதவாறு காப்பதே நடுவர் தொழிலென்போர், இக்கலையின் பிறப்பையே ஒரு விபத்தெனக் கொள்வாராவர்.

அவ்வாறாயின், வாசித்துக்காட்டற்குரிய பந்திகளும் வரிசைப்படுத்திய நிகழ்ச்சிகளும் நூல்களில் ஏன் இடம்பெற்றன என்று வினவலாம். விடை பெரும்பாலும் போட்டிகளில் உள்ளது. தொடக்ககாலச் சாகச நூல்கள் பல, மாநாடுகளில் நடந்த போட்டிகளுக்கென எழுதப்பட்டவை. கைகக்சின் ‘டூம் ஒவ் ஹொரர்ஸ்’ 1975 இல் ‘ஒரிஜின்ஸ்’ மாநாட்டுப் போட்டியில் ஆடப்பட்டு, 1978 இல் நூலாயிற்று. பல குழுக்கள், வெவ்வேறு நடுவரின்கீழ், ஒரே சாகசத்தை ஆடிப் புள்ளி பெறுமிடத்து, எல்லாருக்கும் ஒரே விவரம் ஒரே வகையிற் கிடைப்பது நீதியாகும். பரீட்சை மண்டபத்தில் ஒரே வினாத்தாள் வழங்கப்படுவது போன்றது அது. ஆனால் எமது விடுதி அறை பரீட்சை மண்டபமன்று. போட்டிக்கென அமைந்த உறுப்பை, போட்டியில்லாத இடத்திலும் வேதமெனக் கொள்வது காரணமறியாது சடங்கு செய்வதை ஒக்கும்.

1984 ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு நல்ல அளவுகோல். அவ்வாண்டில் ட்ரேசி ஹிக்மன் எழுதிய ‘டிராகன்ஸ் ஒவ் டெஸ்பெயார்’ வெளிவந்து, ‘டிராகன்லான்ஸ்’ எனப்படும் நீண்ட தொடரைத் தொடக்கிற்று. அத்தொடரின் பாத்திரங்கள் ஆயத்தமாகவே தரப்பட்டன. அதே பாத்திரங்களைக் கொண்டு நாவல்களும் வெளிவந்தன. கதைக்கு வேண்டியவர் எவரேனும் இடையில் இறக்க நேர்ந்தால், அவ்விறப்பு உறுதியற்றதாகத் தோன்றுமாறு செய்து, பின்னர் அவரைத் திருப்பிக் கொணரவும் நடுவருக்கு அறிவுறுத்தப்பட்டது. ஆடுவோர் எதைச் செய்யினும் கதை பிழைத்துக்கொள்ளும். அதே ஆண்டில் வேறோர் ஆட்டமாகிய ‘கோல் ஒவ் கதுலு’வுக்கென லரி டிடிலியோ, லின் வில்லிஸ் ஆகியோர் ஆக்கிய ‘மாஸ்க்ஸ் ஒவ் நயர்லதொடெப்’ வெளிவந்தது. அது நியூயோர்க்கில் ஒரு கொலையோடு தொடங்குகின்றது. அதன்பின் இலண்டனுக்கோ, கெய்ரோவுக்கோ, கென்யாவுக்கோ, ஷங்ஹாய்க்கோ செல்வதை ஆடுவோரே தீர்மானிப்பர். கொலையுண்டவர் விட்டுச்சென்ற கடிதங்களும் குறிப்புகளும் அவர் கையில் இருக்கும். ஆகவே, அச்சிட்ட நூலாயின் ஒற்றை வழிதான் இருக்கும் என்பது பொய். ஒற்றை வழியை விரும்பியோர் ஒற்றை வழியை எழுதினர், விரும்பாதோர் எழுதவில்லை.

இனி, இரண்டாவது கட்சியின் கூரிய வாதத்துக்கு வருவோம். “ஆடுவோருக்கு உண்மையான தெரிவு வேண்டியதில்லை, தெரிவு உண்டென்ற எண்ணம் இருந்தாற் போதும். இடப்பக்கக் கதவைத் திறந்தாலும் வலப்பக்கக் கதவைத் திறந்தாலும் நான் ஆயத்தஞ் செய்த அரக்கனே அங்கு நிற்பான். அவர் அறியப்போவதில்லை, மகிழ்ச்சிக்கும் குறைவில்லை” என்பர். இவ்வாதத்திற் பிழை இரண்டுள. ஒன்று, அவர் அறிவர். என் நண்பர் ஓரிரவிலேயே அறிந்தார். தாம் செய்வதெதுவும் எதையும் மாற்றுவதில்லை என்பதை உணர்ந்தோர் சிந்திப்பதை நிறுத்துவர். சிந்திப்பதை நிறுத்தியவரைக் கண்டு, “பார்த்தீரா, இவர்களுக்கு வழிகாட்டவே வேண்டும்” என நடுவர் கூறுவர். தாமே உண்டாக்கிய நோயைத் தம் மருந்துக்குச் சான்றாகக் காட்டும் செயல் இது. மற்றொன்று, அவர் அறியாவிடினும் அது வஞ்சகமே. மூன்று மணி நேரம் ஒருவரை இருத்தி, அவர் சொல்லுக்கு மதிப்புண்டென நம்பச்செய்து, உள்ளூர அதை மதியாதிருப்பது நண்பருக்குச் செய்யத்தக்கதன்று. ஒற்றை வழியில் மட்டுமே நடத்த வல்லவராயின் அதைத் தொடக்கத்திலேயே கூறட்டும், உடன்படுவோர் ஆடட்டும். வெளிப்படையாக உடன்பட்டு ஆடுமிடத்து அதிற் குற்றமில்லை.

கூத்து மரபில் ஊறிய நண்பரொருவர் வேறு வகையில் மறுத்தார். “அண்ணாவியார் ஏட்டை விட்டு விலகுவாரா? கூத்தில் முடிவு தெரிந்தே இருக்கின்றது. அதனாற் சுவை குன்றிற்றா?” என்றார். நல்ல வினா. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய ‘கர்ணன் போர்’ கூத்தில் கர்ணன் மாள்வானென்பதை அறியாத பார்வையாளர் எவருமிலர். எவ்வாறு மாள்கின்றான், அதனை எவ்வாறு ஆடுகின்றனர் என்பதைக் காணவே அவர் வந்தனர். ஆனால் கூத்தில் அண்ணாவியாருக்கும் கூத்தருக்கும் பார்வையாளருக்கும் ஏடு பொது. மூவரும் ஒரே முடிவை அறிந்தே களரியைச் சூழ்கின்றனர். இவ்வாட்டத்திலோ நூல் நடுவர் கையில் மட்டுமே உளது, ஆடுவோர் அதனைக் காணார், பார்வையாளரென எவருமிலர். முடிவை ஒருவர் மட்டும் அறிந்து, ஏனையோரை அதனை நோக்கி நகர்த்துவது கூத்தாகாது. அது பாவைக்கூத்து; பாவைகள் உயிருள்ளனவாதலின் நன்றாகவும் நடவாது.

இத்துணை கூறியபின், “அப்படியாயின் நூலே வேண்டாம் என்போமல்லவா?” என மூன்றாவது கட்சியினர் மகிழ்ந்து எழுவர். அவர் அமர்க. தாமே புனைந்த கதையின்மேல் ஒருவருக்குள்ள பற்று, பிறர் கதையின்மேல் உள்ளதினும் பெரிது. தம் கற்பனையில் மலர்ந்த காட்சி நடந்தேறவேண்டுமென்ற ஆசையால் ஆடுவோரை இழுத்துச் செல்லும் நடுவரை நான் கண்டிருக்கிறேன். எனவே நூலைத் துறப்பதால் மட்டும் விடுதலை கிட்டாது. மேலும், நல்ல சாகச நூல் நடுவரின் கற்பனையை அடக்குவதில்லை. அதற்கு வேலை கொடுக்கின்றது. மைக் கார் எழுதி 1970களின் இறுதியில் வெளிவந்த ‘இன் சேர்ச் ஒவ் தி அன்நோன்’ நூலில், அறைகளின் வருணனை இருக்கும்; அங்கு வாழ்வன யாவை, புதையல் யாது என்பதற்கு வெற்றிடம் விடப்பட்டிருக்கும். பட்டியலிலிருந்து தெரிந்து நடுவரே நிரப்ப வேண்டும். புதிய நடுவருக்குத் தொழில் கற்பிக்க எழுதப்பட்ட நூல் அது. அதன்பின் வந்த கைகக்சின் ‘த கீப் ஒன் த போர்டர்லான்ட்ஸ்’ நூலில் ஒரு கோட்டை வருகின்றது; கோட்டைத் தலைவர், கொல்லர், மதகுரு எனப் பலர் அங்குளர்; ஒருவருக்கேனும் பெயரில்லை. அயலிலுள்ள குகைகளில் ஒன்றையொன்று வெறுக்கும் இனங்கள் பல வாழ்கின்றன; கூலி கொடுப்போருக்காகப் போர் புரியும் அரக்கனொருவனும் உளன். யார் யாரோடு சேர்வர், யார் யாரைக் காட்டிக்கொடுப்பர் என்பது எழுதப்படவில்லை. அது மேசையில் எழுதப்படும்.

அங்ஙனமாயின் ஆயத்தம் என்பது யாது? என் இரு தவறுகளும் கற்பித்ததைச் சுருங்கக் கூறுவேன். நூலை முதலில் முடிவு வரை வாசித்தல் வேண்டும். ஒரு வாசகர் வாசிப்பது போல், குறிப்பெடாமல். பகைவன் யாரென்பதை அறியாது அவன் ஏவலாளனுக்குக் குரல் கொடுத்தல் இயலாது. இரண்டாம் வாசிப்பில் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து, நூலில் வரும் முதன்மையான மாந்தர் ஒவ்வொருவருக்கும் மூன்று வினா எழுப்புக: இவர் வேண்டுவது யாது? இவர் அறிந்தது யாது? வீரர் எவரும் வராதிருப்பின் இவர் நாளை யாது செய்வார்? யீமிக்குக்கு நேரே “தலைமை வேண்டும், தலைவனுக்கு அஞ்சுகிறான், வாக்குத் தவறுவான்” என்றும், கிளார்க்குக்கு நேரே “தன் பெருமையில் மயங்கியவன்” என்றும் எழுதியிருப்பேனாயின், என் நண்பரின் முடிவைக் கேட்டு அஞ்சியிருக்க மாட்டேன். தன் கீழோனின் துரோகத்தைக் கேட்ட செருக்கன் என் செய்வானென்பது எனக்கு உடனே விளங்கியிருக்கும். போர் நிகழும் என்பதை நெட்டுருப் பண்ணியவருக்குப் போர் ஒன்றே தெரியும். மாந்தரின் வேட்கையை அறிந்தவருக்கு எந்த வினாவுக்கும் விடை தெரியும்.

மூன்றாவதாக, நூலின் நெருக்கடியான இடங்களைக் கண்டறிதல் வேண்டும். ஒரேயொரு கடிதம் கிடைத்தாலன்றி அல்லது ஒரேயொரு பகடை வீச்சு வென்றாலன்றிக் கதை நகராதெனில், அது நூலின் பழுது. அவ்விடத்தில் வேறிரு வழிகளை ஆட்டத்துக்கு முன்பே அமைத்துக்கொள்ளுக. இல்லையேல், வழி அடைபட்டவுடன் ஆடுவோரைக் கையைப் பிடித்து இழுக்க நேரும். கட்டமிட்ட பந்திகளை வாசிப்பதாயின் அவற்றிலுள்ள செய்திகளை மட்டும் எடுத்து நம் பேச்சிற் கூறுதல் நன்று. இரவு பத்து மணிக்கு ஆங்கிலப் பந்தியொன்றைத் தட்டுத் தடுமாறி வாசிப்பதைக் கேட்டு எக்குகையும் எவர் கண்முன்னும் தோன்றாது. பெயரில்லாத கடைக்காரருக்கென ஒரு பெயர்ப் பட்டியலையும் வைத்துக்கொள்ளுக. இவ்வளவே, இரண்டு மாலைப் பொழுதில் முடியும் வேலை.

நான்காவது கடமையொன்று உண்டு. அதை எந்த நூலும் நமக்காகச் செய்யாது: மேசையைச் சுற்றி இருப்போர் யாரென்பதை அறிதல். கடத்தப்பட்ட ஒருவரைத் தேடிச் செல்வதே பன்டெல்வர் நூலின் தொடக்கமென்றேன். சாலையில் மாண்ட குதிரைகளையும், கொள்ளையிடப்பட்ட பைகளையும், வெறுமையான தோலுறையையும் நான் சுவைபட வருணித்துக்கொண்டிருக்கையில் நண்பரொருவர் பேச்சற்றுப் போனார். அன்றிரவு முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை. அவர் குடும்பத்திலும் ஒருவர் இவ்வாறு சாலையில் மறைந்து, இன்று வரை திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைவில் எழவில்லை. அமெரிக்காவில் அமர்ந்து அந்நூலை எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை; அவர்மேற் குற்றமில்லை. முன்கூட்டி ஒரு சொல் கேட்டிருந்தால், குன்ட்ரென் நோயுற்று வழியிற் தங்கினாரென்றோ, வண்டி மட்டும் களவு போயிற்றென்றோ மாற்றியிருப்பேன், அல்லது அந்நண்பரே, “இல்லை, அப்படியே இருக்கட்டும், நாங்கள் கண்டுபிடிப்போம்” என்றிருப்பார். எதுவாயினும் முடிவு அவருடையதாயிருந்திருக்கும். மறுநாள் நான் மன்னிப்புக் கேட்டேன். “கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தால் போதும்” என்றார். அதன்பின் அவரே எம் குழுவில் முன்னே நடந்தார்.

இது விளையாட்டைப் பற்றிய பேச்சுத்தானா என்று வாசகர் இவ்விடத்து ஐயுறலாம். நூலை முடிவென்று கொள்ளும் பழக்கம் எமக்கு விளையாட்டிலிருந்து வந்ததன்று. விரிவுரையில் எழுதிய குறிப்பை நெட்டுருப் பண்ணி, பரீட்சைத் தாளில் அதனையே ஒப்புவித்து, குறிப்பிலில்லாத வினா வந்துவிடின் வினாவே தவறென்று சினக்கும் பழக்கம் எம்மிடையே உண்டு. அதே கண்கொண்டே சாகச நூலையும் வாசிக்கின்றோம். குறிப்பிலில்லாததை ஆடுவோர் செய்துவிடின் ஆடுவோரே தவறென்று சினக்கின்றோம். நூலை நன்கு கற்றவருக்கு நூலிலில்லாத வினாவே விருந்து. அதற்காகவே அவர் கற்றார்.

அந்த முதற் சொல்லுக்கு மீள்வோம். நடுவர் என்ற தமிழ்ச் சொல், தீர்ப்பளிப்பவரைக் குறிக்கின்றது. நடுவில் நிற்பவரையுங் குறிக்கின்றது. சாகச நூலுக்கும் ஆடுவோருக்கும் நடுவிலேயே அவர் நிற்கின்றார். நூலின் பக்கம் முற்றாகச் சாய்ந்தால் ஆடுவோர் பாவைகளாவர். நூலையே அறியாது நின்றால் உலகம் பொய்யாகும். இரு தவறையும் ஒரே பருவத்திற் செய்தவனென்ற தகுதியோடு இதனை எழுதுகிறேன். என் கூற்றை மறுக்க விரும்புவோர் அடுத்த மலரில் மறுக்கட்டும். மறுக்குமுன் தம் கையிலுள்ள நூலை ஒருமுறை முடிவு வரை வாசித்துவிட்டு வருவாராக. அதுவும் ஓர் ஆயத்தமே.